தள்ளாதீய, மாமா!

பாவூர்சத்திரத்தில் இன்றைக்கு ஓடுகிற வண்டிகளில் எது அழகானது என்று என்னைக் கேட்டால் யோசிக்கவே மாட்டேன். எங்கள் தெருவில் ஒன்பது வயதுப் பிள்ளை ஒருத்தி ஓட்டுகிற மூன்று சக்கர சைக்கிள்தான். மெரூன் நிறம். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. முதுகுக்குச் சாய்மானம், இடுப்புக்குப் பட்டை, பாதத்தைப் பிடித்துக்கொள்கிற பலகைப் பெடல், பெரியவர்கள் பிடித்துக்கொள்ளப் பின்பக்கம் ஒரு நீளக் கைப்பிடி. அந்தப் பிள்ளைக்கு மூளை முடக்குவாதம். இரண்டு கால்களும் விறைத்துக்கொள்ளும், பிடிமானம் இல்லாமல் நிற்க வராது. ஆனாலும் சைக்கிள் ஓட்டுகிறாள். தன் காலால் மிதித்து, தன் கையால் திருப்பி, தான் நினைத்த வீட்டு வாசலில் போய் நிற்கிறாள்.

இதைப் பார்க்கிற ஆளிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவரிடம் சொல்லியாயிற்று. தென்காசி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவரிடம் அவர் இறங்குகிற வரைக்கும் சொல்லியாயிற்று. அந்த வண்டி ஊர்க்காரர்கள் போட்ட காசில் வந்தது. தர்மக் காசு எத்தனையோ நல்ல காரியத்துக்குப் போய்ப் பார்த்திருக்கிறேன். இத்தனை சந்தோஷமாகத் தெருவில் ஓடி வந்து பார்த்ததில்லை.

எங்கள் ஊர் கொடுக்கிற ஊர். காய்கறி மார்க்கெட்டில் விடியுமுன்னே லாரிகள் வந்து நிற்கும், கேரளாவுக்குப் போகிற சரக்கு ஏறும். அந்த இரைச்சலுக்கு நடுவிலேயே கோயில் கொடைக்கு வரி எழுதுகிற நோட்டும் ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்குப் போய்க்கொண்டிருக்கும். பேரப்பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றால் ஏதாவது இல்லத்தில் ஒரு வேளைச் சாப்பாடு. அப்பாவின் திதி என்றால் இன்னொரு வேளை. சென்னையில் மளிகைக் கடை வைத்திருக்கிற எங்கள் ஊர்ப் பையன்கள் பொங்கலுக்கு வந்தால் பள்ளிக்கூடத்துக்கு நோட்டு, பெஞ்சு என்று ஏதாவது செய்யாமல் திரும்புவதில்லை. அந்தப் பிள்ளையின் வீட்டுக்கும் அப்படி அரிசி போயிருக்கிறது, புது உடுப்பு போயிருக்கிறது. அம்மா பீடி சுற்றுகிறவர். ஒரு தீபாவளிக்கு நான் உடுப்பும் பலகாரமும் கொண்டுபோனபோது அவர் தட்டை மடியில் வைத்து இலை வெட்டிக்கொண்டே சொன்னார்:

"எல்லாரும் இவளுக்குத் திங்க என்ன குடுக்கன்னு கேக்காவ அண்ணே. வெளாட என்ன குடுக்கன்னு ஒருத்தரும் கேட்டதில்ல."

குறையாகச் சொல்லவில்லை. பேச்சோடு பேச்சாக வந்தது. பிள்ளை வாசல்படியில் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் அவள் வயதுப் பையன் ஒருவன் பெரியவர் சைக்கிளின் பாருக்குள் காலை விட்டுக் குரங்குப் பெடல் அடித்துப் பழகிக்கொண்டிருந்தான். விழுந்தான், எழுந்தான், மறுபடியும் மிதித்தான். ஒவ்வொரு தடவை அவன் விழும்போதும் அவள் கைதட்டிச் சிரித்தாள். சைக்கிள் பழகுகிற சுகமே அந்த விழுந்து எழுவதில்தான் இருக்கிறது. அதைப் பார்க்கிற இடம் மட்டும் அவளுக்கு. இதற்கு ஒரு வழி உண்டா என்று நான் விசாரிக்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

வழி உண்டு; உலகத்தில் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். ஜெர்மனியில் நூரம்பெர்க் பக்கம் ஆல்ட்டோர்ஃப் என்ற ஊரில் ஸ்டீபன் ஃபார்ஃப்ளர் என்று ஒரு கடிகாரக்காரர். நடக்க முடியாதவர். 1655-ல் தனக்காகத் தானே மூன்று சக்கர வண்டி ஒன்றைச் செய்து, கையால் சுற்றி ஓட்டிக்கொண்டு ஊருக்குள் போய் வந்திருக்கிறார். இரண்டு சக்கர சைக்கிளின் முன்னோடி வருவதற்கே அதன்பிறகு நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. மாற்றுத்திறனாளிக்கான வண்டி சாதா சைக்கிளுக்குத் தம்பி என்றுதான் நாம் நினைக்கிறோம். கணக்குப் பார்த்தால் அதுதான் அண்ணன்! இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆய்க்குடியைச் சொல்லாமல் இந்தக் கதையை மேலே கொண்டுபோக முடியாது. பாவூர்சத்திரத்திலிருந்து சுந்தரபாண்டியபுரம் வழியாகப் போனால் எட்டிவிடுகிற ஊர். வெளியூர்க்காரர்களுக்கு அங்கே பாலசுப்பிரமணியர் கோயில் தெரியும். எனக்கு அந்த ஊர் என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கம். ஆய்க்குடிக்காரரான எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோது, 1975-ல், கடற்படை அதிகாரி தேர்வுக்குப் பெங்களூர் போனார். தேர்வில் உயரத்திலிருந்து விழுந்து கழுத்தெலும்பில் அடி. கழுத்துக்குக் கீழே உடம்பு செயலிழந்துவிட்டது. ஊருக்குத் திரும்பியவர் 1981-ல், ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்த அதே வருஷம், ஓலைக் கொட்டகையில் சின்னதாக ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். தனக்கு வைத்தியம் பார்த்துத் தெம்பு கொடுத்த ராணுவ டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரையே அதற்கு வைத்தார். 1992-ல் ஆடிட்டர் சங்கரராமன் வந்து சேர்ந்தார். அவர் தசைச் சிதைவு நோயோடு சக்கர நாற்காலியில் இருப்பவர். இந்த இரண்டு பேரும் கட்டி எழுப்பிய இடத்துக்கு இன்று சுற்றுவட்டார மாவட்டங்களிலிருந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் வருகிறார்கள். 2020-ம் ஆண்டின் பத்மஸ்ரீ பட்டியலில் ராமகிருஷ்ணன் பெயர் வந்தபோது, எங்கள் வீட்டுக்கே விருது கிடைத்த மாதிரி நான் மார்க்கெட்டில் மிட்டாய் கொடுத்தேன்.

அந்த வளாகத்துக்குள் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், படி இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் சாய்தளம் இருக்கும். நடக்கிறவனும் சக்கர நாற்காலிக்காரரும் ஒரே பாதையில் போகலாம். சின்ன வயதிலேயே குறையைக் கண்டுபிடித்துப் பயிற்சி கொடுப்பதில் அவர்களுக்குப் பெரிய பேர். வீடு வீடாகக் களப்பணியாளர்கள் போகிறார்கள். பிள்ளையின் முன்னேற்றத்தைக் கைக்கணினியில் ஒரு செயலி வழியாகப் பதிவு செய்கிறார்கள். நிபுணர்கள் தொலைவிலிருந்து அதைப் பார்த்து ஆலோசனை சொல்கிறார்கள். இத்தனையும் பெரும்பாலும் கொடையில் நடக்கிறது. கனடாவில் இருக்கிற ஹேண்டிகேர் இன்டர்நேஷனல் மாதிரியான அமைப்புகள் முதல் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டுகிற நம்மூர்க் குடும்பம் வரைக்கும் எத்தனையோ கைகள். ஒரு மனிதரின் பிடிவாதமும் ஊரின் கொடையும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று கேட்கிறவர்களை நான் ஆய்க்குடி பஸ்ஸில் ஏற்றிவிடுவேன். எங்கள் சைக்கிள் யோசனைக்குத் துணிச்சல் கொடுத்ததும் அந்த இடம்தான்.

வெளிநாட்டில் இந்தப் பிள்ளைகளுக்கென்றே செய்கிற சைக்கிள்கள் உண்டு. அமெரிக்காவில் ரிஃப்டன் கம்பெனி செய்கிற வண்டியைப் படத்தில் பார்த்தேன். பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. வரவழைத்தால் கப்பல் கூலி, வரி எல்லாம் சேர்ந்து லட்சக் கணக்கில் போய் நிற்கும். ஒரு பிள்ளைக்கு அப்படி வாங்கிவிட்டால் அடுத்த பிள்ளைக்கு யாரிடம் போய் நிற்பது? அதனால் கடையில் கிடைக்கிற சாதா மூன்று சக்கர சைக்கிளை வாங்கி, பிள்ளைக்குத் தக்கபடி மாற்றிக்கொள்வது என்று முடிவாயிற்று. பணத்துக்கு மார்க்கெட்டில் ஒரு நோட்டுப் போட்டோம். வாழைத்தார் ஏலம் எடுக்கிறவர், தக்காளி கமிஷன் கடைக்காரர், டீக்கடைக்காரர், சென்னைப் பையன்கள் என்று எழுதினார்கள். ஒரு நல்ல செல்போன் விலைக்குள் மொத்தமும் அடங்கிவிட்டது.

இனி வருவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் டாக்டர். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டு விலக வாய்ப்பு உண்டு. அதனால் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, ஓட்டலாம் என்று அவர் சொன்ன பிறகுதான் வண்டியில் கை வைத்தோம். வலிப்பு வருகிற பிள்ளையாக இருந்தால் அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். பிறகு பிசியோதெரபிஸ்ட் ஒரு தங்கச்சி வந்து பிள்ளையை முக்காலியில் உட்காரவைத்து டேப் பிடித்து அளந்தார். இடுப்பிலிருந்து முழங்கால் வரை, முழங்காலிலிருந்து குதிகால் வரை, தோளிலிருந்து மணிக்கட்டு வரை. கல்யாணப் பெண்ணுக்கு ரவிக்கை அளவெடுக்கிற கவனம் அதில் இருந்தது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு சைக்கிள் கடை அண்ணாச்சியிடம் போனோம்.

அண்ணாச்சி ஆயுசு முழுக்கப் பஞ்சர் ஒட்டியவர், கோட்டம் எடுத்தவர், வாடகை சைக்கிள் விட்டவர். தாளைக் கையில் வாங்கிப் பார்த்தார். "இது சைக்கிள் வேலை இல்ல, தச்சு வேலை. பிள்ளைய அளந்து வண்டிய செய்யணும்" என்றார். அதோடு கடையில் இருந்த மற்ற வேலைகளை ஓரங்கட்டிவிட்டார்.

முதல் சிக்கல் பெடல். அவளுக்குக் கால் விறைக்கும்போது பாதம் முன்பக்கமாக நீட்டிக்கொள்ளும், சாதாப் பெடலில் நிற்காமல் வழுக்கிவிடும். அதனால் பெடலின் மேல் செருப்பு அளவுக்கு ஒரு பலகை. குதிகால் பின்னால் நழுவாமல் இருக்க அதற்கு ஒரு வளைந்த தடுப்பு. அவள் போட்டிருக்கிற காலிப்பர் ஷூவோடு சேர்த்து மேலே இரண்டு ஒட்டுப்பட்டை. பலகை தலைகீழாகத் திரும்பிவிட்டால் காலை வைப்பதே பெரும்பாடு. அதற்கு அண்ணாச்சி பலகையின் அடியில் ஒரு இரும்புத் துண்டைப் பற்றவைக்கச் சொன்னார். அந்தக் கனத்தில் அது எப்போதும் மேல்பக்கம் பார்த்தே நிற்கிறது. எத்தனை சின்ன வேலை! இந்த இரும்புத் துண்டைப் பார்த்துத்தான் நான் அவருக்கு ரசிகன் ஆனேன்.

இரண்டாவது பிரீவீல். சாதா சைக்கிளில் நாம் மிதிப்பதை நிறுத்தினாலும் வண்டி ஓடும், பெடல் நிற்கும். இவளுக்குப் பெடல் மேலே வந்து நிற்கிற இடத்தில் கால் மாட்டிக்கொள்ளும். அந்த இடத்தைத் தாண்ட பலம் போதாது. "பிரீவீல கழத்திட்டு ஃபிக்ஸ்டா வச்சிருவோம். சக்கரம் சுத்துனா பெடலும் சுத்தும். அதுவே கால இழுத்துட்டுப் போகும்" என்றார் அண்ணாச்சி. அப்படியே செய்தோம். வண்டி கொஞ்சம் உருண்டால் போதும், பெடல் காலைத் தூக்கிக்கொடுக்கும். தூக்கிய காலை அவள் மிதித்து இறக்க வேண்டும். இடது, வலது, இடது, வலது. விறைத்த கால்கள் ஒன்றுக்கொன்று எதிராக மாறி மாறி நகர்கிற அந்தப் பாடத்தைச் சக்கரமே சொல்லிக்கொடுக்கிறது. இறக்கத்தில் பெடல் வேகமாகச் சுற்றிவிடும் என்பதால் பின்பக்கக் கைப்பிடியில் பெரியவர்களுக்கென்று தனி பிரேக்கும் வைத்தாயிற்று.

அவள் கால்கள் உள்ளே இழுத்துப் பின்னிக்கொள்ளும். சீட்டின் முன்னால் பஞ்சு வைத்துத் தைத்த சின்ன முட்டு ஒன்று நின்று இரண்டு முழங்காலையும் பிரித்து வைக்கிறது. கையை எட்டிப் பிடித்தால் முதுகு வளையும் என்று ஹேண்டில்பாரை மேலே உயர்த்தி அவள் பக்கமாக வளைத்தோம். ஹேண்டில் ஒரேயடியாகத் திரும்பி வண்டி சாயாமல் இருக்கத் திருப்பத்துக்கு ஒரு அளவுக் கட்டை. பின்னால் இரண்டு சக்கரத்தில் ஒன்றுக்குத்தான் செயின் இழுவை. மற்றது தன் போக்கில் சுற்றும். திரும்பும்போது வெளிச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டுமே, இரண்டையும் ஒரே அச்சில் இறுக்கினால் வண்டி திரும்பாமல் முரண்டு பிடிக்கும் என்று அண்ணாச்சி விளக்கினார். இடுப்புப் பட்டையை அவள் அம்மா கையாலேயே தைத்தார். சட்டையில் மாட்டாத பட்டன், தோலில் உரசாத துணி, தலைக்கு ஹெல்மெட். எல்லாம் முடிந்த பிறகு, "கலர் என்ன போட?" என்று அண்ணாச்சி பிள்ளையிடம் கேட்டார். அதுவரைக்கும் அவளுக்காக எல்லாவற்றையும் வேறு ஆட்கள்தான் தீர்மானித்திருந்தார்கள். அவள் ரொம்ப நேரம் யோசித்து, "மெரூன்" என்றாள்.

முதல் ஓட்டம் பள்ளிக்கூட மைதானத்தில். ஆனி மாதம், குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்திருந்தது. செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று மைதானத்துப் புழுதியைத் தள்ளிக்கொண்டு போனது. மலைப்பக்கம் மேகம். நான் பின்கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தள்ளினேன். பெடல் சுற்றியது, கால் ஏறியது, இறங்கியது. அவள் முகம் இறுகிப்போயிருந்தது; பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச தூரம் போனதும் என் கையில் இருந்த பாரம் குறைந்தது. வண்டி என்னை முந்த ஆரம்பித்தது. அவள் திரும்பிப் பார்க்காமலே கத்தினாள்:

"தள்ளாதீய, மாமா! நானே! நானே!"

நான் கையை எடுத்தேன். பிரேக்கைப் பிடிக்கத் தயாராக அடுத்தே நடந்தேன், ஆனால் தொடவில்லை. காற்று பின்னால் இருந்தது. அது தள்ளியதைப் பற்றி அவளுக்கு ஒரு மறுப்பும் இல்லை. கோல்போஸ்ட் வரைக்கும் போனாள். அங்கே நின்று, "இன்னொரு தடவ" என்றாள். அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்தார். புழுதி என்று யாரும் நம்பவில்லை.

இதனால் உடம்புக்கு நன்மை உண்டா என்று கேட்பார்கள். உண்டு என்றுதான் தெரபிஸ்ட்கள் சொல்கிறார்கள். தசைக்குப் பலம், உட்காரும் நிதானம், மூச்சு, இறுகிய மூட்டுக்கு அசைவு. அமெரிக்காவில் மூளை முடக்குவாதம் உள்ள 62 பிள்ளைகளை வைத்து, அவர்களில் ஒரு பகுதியினருக்கு நின்ற இடத்திலேயே மிதிக்கிற சைக்கிளில் 12 வாரம் பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2010-ல் வெளியானது. மிதித்த பிள்ளைகளின் தாங்குதிறன் முன்னைவிடக் கூடியது; ஆனால் மிதிக்காத பிள்ளைகளோடு ஒப்பிட்டால் வித்தியாசம் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை என்று அவர்களே நேர்மையாக எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் ஏமாற்றமே இல்லை. தெருவில் ஓடுகிற எந்தப் பிள்ளையாவது தொடைத் தசைக்குப் பலம் வேண்டுமென்று சைக்கிள் ஓட்டுகிறதா? சந்தோஷத்துக்கு ஓட்டுகிறது. கடைக்குப் போக, பக்கத்துத் தெருவுக்குப் போய்ப் பெருமை அடிக்க ஓட்டுகிறது. இந்தப் பிள்ளையிடம் மட்டும், உனக்கு இது மருந்தாக இருந்தால்தான் பணம் கொடுப்பேன் என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

சட்டம்கூட இதை ஒத்துக்கொண்டிருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காக 2007-ல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. உடன்படிக்கையின் 30-வது பிரிவு, மற்றப் பிள்ளைகளுக்குச் சமமாக இந்தப் பிள்ளைகளும் விளையாட வழி செய்ய வேண்டும் என்கிறது. நம்முடைய 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் பொழுதுபோக்குக்கும் விளையாட்டுக்கும் தனித்தனிப் பிரிவு உண்டு. கான்பூர் அலிம்கோ நிறுவனத்தில் செய்கிற கைச்சுற்று மூன்று சக்கர வண்டியும் சக்கர நாற்காலியும் மத்திய அரசுத் திட்டத்தில் எத்தனையோ பேருக்குக் கிடைத்திருக்கின்றன. அந்த வண்டிகளைக் கும்பிட்டுக்கொள்கிறேன். அவை ஒரு இடத்துக்குப் போய்ச் சேர்வதற்கான வண்டிகள். சும்மா சுற்றுவதற்கான வண்டிக்கும் இடம் வேண்டும் என்பதுதான் என் வாதம். பிள்ளைகள் பாதி நேரம் சும்மாதானே சுற்றுகிறார்கள்!

அந்த இடத்தைக் கொடை நிரப்பலாம். நம் பக்கத்துக்கு அது புதிதே இல்லை. விருதுநகரில் வியாபாரிகள் சரக்குக்கு இவ்வளவு என்று மகமை பிடித்தார்கள். வீட்டுக்கு வீடு உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்தார்கள். அப்படிச் சேர்ந்ததில்தான் 1889-ல் ஷத்திரிய வித்யாசாலைப் பள்ளிக்கூடம் எழுந்தது. காமராஜர் படித்தது அங்கேதான். பிடி அரிசியில் பள்ளிக்கூடம் கட்டிய வழிமுறையில் வந்தவர்களுக்கு ஒரு பெடல் பலகை பெரிய காரியமா? சைக்கிளுக்கும் தமிழ்நாட்டில் அப்படி ஒரு வரலாறு உண்டு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். அவர்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் அவர் வழி தேடினார். கேலி பேசிய ஊர் பிறகு வாயை மூடிக்கொண்டது. இன்றைக்கு பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு விலையில்லா சைக்கிள் கொடுக்கிறது. 2001-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று ஆரம்பித்து எல்லாருக்குமாக விரிந்த திட்டம். எங்கள் பிள்ளையும் ஒரு நாள் பிளஸ் ஒன் வருவாள். அந்த வரிசையில் அவளுக்கு வருகிற சைக்கிள் அவள் ஓட்டுகிற சைக்கிளாக இருக்க வேண்டும் என்று இப்போதிருந்தே நான் எல்லாரிடமும் சொல்லி வைக்கிறேன்.

அமெரிக்காவில் அம்பக்ஸ் என்று 1922-ல் தொடங்கிய சேவை அமைப்பு ஒன்று, ஊர் ஊருக்குக் கிளை வைத்துக் காசு சேர்த்து, 'ஆம்ட்ரைக்' என்ற மூன்று சக்கர வண்டிகளைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறது. காலால் ஓட்டுவது, கையால் ஓட்டுவது, இரண்டாலும் ஓட்டுவது என்று விதவிதமாக. ஊர்க்காரர்களே ஒன்றுகூடி நட்டு முடுக்கிக் கோத்துக் கொடுப்பதும் உண்டாம். இங்கிலாந்தில் 'வீல்ஸ் ஃபார் ஆல்' என்ற பெயரில் வேறு வழி வைத்திருக்கிறார்கள். மாற்றியமைத்த சைக்கிள்களைப் பொது மைதானங்களில் வைத்துவிடுகிறார்கள். பிள்ளைகள் வந்து முறை வைத்து ஓட்டுகிறார்கள். எனக்கு இந்த இரண்டாவது யோசனை மனசுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது. பிள்ளை வளரும், வண்டி வளராது. வளர்ந்த பிள்ளையின் வண்டி அடுத்த பிள்ளைக்குப் போகட்டும். எங்கள் பள்ளி மைதானத்தில் ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் அளவுக்கு ஒன்றாக மூன்று நான்கு வண்டி, ஞாயிறு காலையில் ஒரு தெரபிஸ்ட். தென்காசி மாவட்டத்துக்கே இது போதும் என்று சொல்லமாட்டேன், ஆனால் ஆரம்பிக்கப் போதும். கம்பெனிகளுக்கும் வழி இருக்கிறது. லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்லும் சட்டத்தின் பட்டியலில் பாராலிம்பிக் விளையாட்டுப் பயிற்சியும் உண்டு. ஹைதராபாத்தில் காலை இழந்த ஆதித்ய மேத்தா சைக்கிள் வீரராகி, ஒரு அறக்கட்டளை தொடங்கிப் பயிற்சி கொடுத்தார். அந்த வழியில் வந்த அர்ஷத் ஷேக்கும் ஜோதி கடேரியாவும் 2024-ல் பாரீஸ் பாராலிம்பிக்கில் இந்தியாவுக்காக சைக்கிள் ஓட்டினார்கள். அவர்களும் எங்கோ ஒரு தெருவில்தானே ஆரம்பித்திருப்பார்கள்.

எங்கள் தெருவில் என்ன மாறியிருக்கிறது தெரியுமா? முன்பு அவளைப் பார்க்க வருகிற பிள்ளைகள் வாசல்படிக்கு வருவார்கள், கொஞ்ச நேரம் இருப்பார்கள், விளையாடப் போய்விடுவார்கள். இப்போது வாசலில் நின்று, "வாரியா?" என்று கூப்பிடுகிறார்கள். ரேஸ் வைக்கிறார்கள். அவள் பெரும்பாலும் தோற்கிறாள். தோற்றதற்குச் சண்டை போடுகிறாள், காற்று எதிர்த்து அடித்தது என்று காரணம் சொல்கிறாள், மறுபடி ரேஸ் கேட்கிறாள். அந்தச் சண்டையை நான் திண்ணையில் உட்கார்ந்து காது குளிரக் கேட்டிருக்கிறேன். ஒருநாள் என் வீட்டு வாசலில் பெல் அடித்தது. எட்டிப் பார்த்தால் அவள். அம்மா தெருமுனையில் நின்றுகொண்டிருந்தார். "என்ன தாயி?" என்றேன். "ஒண்ணுமில்ல மாமா, சும்மா வந்தேன்" என்றாள். சும்மா! ஒன்பது வயதில் முதல் தடவையாகச் சும்மா ஒரு வீட்டுக்கு வந்திருக்கிறாள்.

அடுத்த வண்டி ஆவுடையானூர்ப் பையன் ஒருவனுக்கு. ஆறு வயது, கால் இரண்டும் அசையாது, கையில் நல்ல பலம். ஆகவே கையால் சுற்றுகிற வண்டி; கிராங்க் நெஞ்சுக்கு நேராக வர வேண்டும், கையாலேயே திருப்பவும் பிரேக் பிடிக்கவும் வேண்டும். அண்ணாச்சி பழைய சைக்கிள் பிரேம் இரண்டை எடுத்து வைத்து, படுக்கப் போகுமுன் சுவரில் கரித்துண்டால் படம் போட்டுக்கொண்டிருக்கிறார். பின்சக்கரம் இரண்டும் வந்துவிட்டன. சீட்டுக்குத் தையல்காரர் கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். செயின், பிரேக் செட், ஹெல்மெட், வெல்டிங் கூலி பாக்கி. நோட்டு மார்க்கெட்டில் தக்காளி கமிஷன் கடைக் கல்லாவில் இருக்கிறது. விடியற்காலையில் வந்தால் கடை திறந்திருக்கும். பையன் நிறம் சொல்லிவிட்டான். மஞ்சள்.